பயர்பாக்ஸ் உலாவி: உள்ளறைகளுக்குப் பூட்டு உண்டு, பெட்டகத்துக்கு இல்லை

மட்டக்களப்பு கல்லடியில் வீட்டிலிருந்தபடியே இரண்டு கடைகளுக்குக் கணக்கெழுதுகிறேன். வங்கி, மின்னஞ்சல், முகநூல் எல்லாம் ஒரே மடிக்கணினியில் திறந்து கிடப்பதால், வேகத்தையும் அழகையும் விட்டுவிட்டு, குக்கிகளை எப்படிக் காக்கிறது என்பதை வைத்தே பயர்பாக்ஸை மதிப்பிடுகிறேன்.

கடவுச்சொல்லைக் கொடுத்து உள்ளே போனதும் இணையத்தளம் நம் உலாவியிடம் தந்து வைக்கும் அடையாளச் சீட்டே குக்கி; அது பிறர் கைக்குப் போனால், கடவுச்சொல்லோ கைபேசிக்கு வரும் இலக்கமோ கேட்கப்படாமலே அவர் நமது கணக்கில் நுழைந்துவிடலாம். ஒரு தளத்தின் குக்கியை மற்றொரு தளம் வாசிக்கக்கூடாது என்ற அடிப்படை விதியே பலமுறை உடைந்திருக்கிறது. 2000 ஆம் ஆண்டில் இன்டர்நெட் எக்ஸ்புளோரரில், முகவரியிலுள்ள / என்ற சாய்கோட்டைக் குறியீட்டு வடிவில் எழுதினாலே பிற தளத்தின் குக்கி வெளியே வந்தது. 2014 இல், ஆண்ட்ராய்டு 4.4 க்கு முந்திய கைபேசிகளோடு வந்த உலாவியிலும் இந்த விதியை மீறவிடும் ஓட்டை வெளிப்பட்டது.

பயர்பாக்ஸ் 2022 ஜூன் முதல், ஒவ்வொரு தளத்துக்கும் தனிப் பெட்டியில் குக்கிகளை வைப்பதை எல்லாருக்கும் இயல்பாக்கியது. இதனால் விளம்பர நிறுவனங்கள் தளத்துக்குத் தளம் நம்மைப் பின்தொடர்வது பெரிதும் குறைகிறது. ஆனால் இது திருட்டைத் தடுக்கும் ஏற்பாடன்று. அதை நான் பட்டே அறிந்தேன். மருமகன் எங்கிருந்தோ இறக்கிய திருட்டு விளையாட்டொன்றை நிறுவிய மறுநாள், என் முகநூல் கணக்கிலிருந்து யாரோ பணம் கேட்டுக்கொண்டிருந்தார். பயர்பாக்ஸ் குக்கிகளைக் கணினியின் வட்டில் மறைகுறியாக்காமல், அதாவது பிறர் வாசிக்க முடியாதபடி மாற்றாமல், சாதாரணக் கோப்பாகவே வைக்கிறது. கணினிக்குள் புகுந்த நிரலுக்கு அதைப் படியெடுப்பது பெரிய வேலையன்று. எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறும் வசதியை அழுத்திப் பழைய சீட்டுகளைச் செல்லாதவையாக்கிய பின்னரே கணக்கு மீண்டது. விண்டோஸில் குரோம் 2024 ஜூலையில் வந்த 127 ஆம் பதிப்பிலிருந்து குக்கிகளை உலாவியோடு பிணைத்து மறைகுறியாக்குகிறது. அதையும் சுற்றிச்செல்லும் வழிகளைத் திருடர்கள் கண்டுபிடித்திருந்தாலும், பயர்பாக்ஸ் இந்தளவுக்கேனும் முயலாதது பெருங்குறையே.

இருந்தும் நான் மாறவில்லை. வங்கிக்கென்று தனிக் கொள்கலன், அதாவது அதன் குக்கிகளைப் பிரித்து வைக்கும் தனியறை, அமைக்க உதவும் நீட்சி (உலாவியோடு சேர்க்கும் துணைநிரல்) வேறு எதிலும் எனக்கு இத்தனை இலகுவாகக் கிடைக்கவில்லை. விண்டோஸ் 7 ஓடும் கொமியூனிகேஷன் கடைகளில், குரோம் 109 ஆம் பதிப்போடு நின்றுவிட்ட பிறகும் பயர்பாக்ஸின் 115 ஆம் நீட்டித்த ஆதரவுப் பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வந்தன. அங்கே விண்ணப்பம் அனுப்பப் போகும்போது, மூடியதும் குக்கிகளை அழித்துவிடும் தனிப்பட்ட சாளரத்தைத் திறந்து, வேலை முடிந்ததும் அவ்வகைச் சாளரங்கள் அனைத்தையும் மூடிவிட்டே எழும்புகிறேன்.