திரிபோஷாவா, கடை மா ரின்னா? எச்ஐவியோட பிள்ளைத்தாச்சியா இருந்த நான் எடுத்த முடிவு

முதலே சொல்லிடுறன், கடையில ரின்னில விக்கிற பிள்ளைத்தாச்சி மாவை விட, அரசாங்கம் கிளினிக்கில தாற சத்துமா திரிபோஷாவின்ர பக்கம்தான் நான். எனக்கு எச்ஐவி இருக்கு, வீடு கிளிநொச்சிப் பக்கம், போன வருசம்தான் ரெண்டாவது பிள்ளை கிடைச்சது.

விலையைப் பற்றிக் கதைக்கத் தேவையில்லை, ஒண்டு கிளினிக்கில சும்மா தாறது, மற்றதுக்கு இவற்ற கூலிக்காசு போகும். ருசியில ரின்தான் மேல்.

திரிபோஷாவில சோளம், சோயா, பால்மா, அதோட விற்றமினுகளும் சேக்கினம். நாளுக்கு 50 கிராம், மாசம் 750 கிராம் பைக்கற் ரெண்டு, கணக்குப் பாத்தா சரியா 30 நாள். அந்தக் கணக்கில மூத்தவனும் மச்சாளின்ர பிள்ளையளும் இல்லையே, சீனியும் தேங்காய்ப்பூவும் போட்டு உருண்டை பிடிச்சா பத்து நாளில முடிஞ்சிடும். அதால அவையள் எழும்ப முதல் என்ர பங்கைச் சாப்பிட்டிடுவன், வெக்கம் பாக்கேல்ல. எச்ஐவி இருந்தா வருத்தக்குறி ஒண்டும் இல்லாட்டியும் 10 வீதம் கூட சக்தி வேணும், வயித்துப் பிள்ளையின்ர பங்கு அதுக்கும் மேல.

ஆனா நான் திரிபோஷாவுக்கு வந்தது சனம் கேக்கிற கேள்வியாலதான். ரின் வாங்கின அண்டைக்கு மாமி, "என்ன பிள்ளை, உனக்கு மட்டும் என்ன விசேச வருத்தம், நாங்கள் இதெல்லாம் குடிச்சோ பெத்தனாங்கள்" எண்டா. பகிடிக்குத்தான் கேட்டவ, அவவுக்கு ஒண்டும் தெரியாது, எனக்கெண்டா நெஞ்சு பக்கெண்டு போச்சு. பிறகு மச்சாள் கேட்டா, அயலில கேட்டினம், ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு பொய் சொல்லி எதை ஆருக்குச் சொன்னனான் எண்டே மறந்துபோச்சு. திரிபோஷாவைப் பிள்ளைத்தாச்சியள் எல்லாரும்தான் கொண்டு போகினம், பையோட ஒழுங்கையால வந்தா ஒரு சனமும் திரும்பிப் பாக்காது. எங்கட இடத்தில அது பெரிய விசயம்.

ரின்னை ஒரேயடியாத் தள்ளவும் ஏலாது. முதல் மூண்டு மாசம் சோயா மணத்துக்கே சத்தி வந்தது, அப்ப ரின்தான் வயித்தில நிண்டது. நான் குடிச்சது ஒரேயொரு ரின், அதால அதைப்பற்றி இதுக்கு மேல சொல்ல மாட்டன்.

ரெண்டில எதெண்டாலும் குளிசை நேரத்தைக் கவனியுங்கோ. டொலுடெக்ராவிர் எண்ட எச்ஐவிக் குளிசை போடுறவை இரும்பு, கல்சியம் குளிசையளைச் சாப்பாட்டோட எண்டா சேத்துப் போடலாம், வெறுவயித்தில எண்டா அதுகளுக்கு 2 மணித்தியாலம் முதல், இல்லாட்டி 6 மணித்தியாலம் பிறகுதான் டொலுடெக்ராவிர். பிள்ளைக்குத் தொத்தாமல் காப்பாத்தினது அந்த எச்ஐவிக் குளிசைதான், மா இல்லை. தாயிட்ட இருந்து பிள்ளைக்கு எச்ஐவி போறதை ஒழிச்ச நாடெண்டு 2019இல உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்கு அத்தாட்சி குடுத்ததும் சோதினையாலயும் மருந்தாலயும்தான்.

அந்த வெறும் ரின்னில இப்ப மாமி மிளகாய்த்தூள் போட்டு வச்சிருக்கிறா.