ஆயத்த வக்கீல் நோட்டீஸ் படிவங்கள்: கடைசிப் பத்தியை வெட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள்

விவரங்களை நிரப்பினால் சில நிமிடங்களில் வக்கீல் நோட்டீஸ் போலவே கடிதம் தயாரித்துத் தரும் சேவைகள் இணையத்தில் கிடைக்கின்றன. வராத பாக்கி, திரும்பாத முன்பணம், அரைகுறையாக நின்ற வேலை என்று தனித்தனி மாதிரிகள். முற்பகுதி பெரும்பாலும் உருப்படிதான். ஆபத்து கடைசிப் பத்தியில் இருக்கிறது. பணம் கேட்டவரையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடக்கூடிய ஆபத்து அது.

ஒப்பந்தத் தேதி, கொடுத்தது, வந்தது, மீதி, வட்டிக்கு அடிப்படை என ஒவ்வொன்றுக்கும் கட்டம் உள்ள படிவமாகப் பாருங்கள். மொத்தத் தொகைக்கு ஒரே கட்டம் வைத்திருந்தால் வேண்டாம். கணக்கில்லாமல் ஒரு பெரிய தொகையை எழுதினால், "வாயை மூட விலை கேட்டார்" என்று எதிராளி சொல்ல நீங்களே வழிவிடுகிறீர்கள்.

இனி அந்தக் கடைசிப் பத்தி. "பணம் வராவிட்டால் வரித்துறைக்குத் தகவல் போகும், உங்கள் முதலாளிக்கும் குடும்பத்துக்கும் கடிதம் போகும்" என்கிற தினுசு. வழக்குப் போடுவேன் என்று எவ்வளவு காட்டமாகவும் எழுதலாம். அந்தப் பணம் உங்களுக்குச் சேர வேண்டியதா என்று தீர்மானிக்கும் இடம் நீதிமன்றம்தான். வரித்துறைக்கும் உங்கள் பாக்கிக்கும் என்ன தொடர்பு? அங்கே நீங்கள் விற்பது உங்கள் மௌனத்தை. கடனைக் கேட்பதும் சரி, உண்மைத் தகவலை அதிகாரியிடம் சொல்வதும் சரி. ஒன்றை மற்றொன்றுக்கு விலையாக வைக்கும்போதுதான் மிரட்டிப் பணம் பறித்தல் ஆகிறது. தகவல் உண்மைதானே என்ற வாதம் பல சட்டங்களில் எடுபடாது.

கலிபோர்னியா உச்ச நீதிமன்றத்தின் 2006 ஃப்ளாட்லி எதிர் மாரோ தீர்ப்பு இதற்குச் சரியான உதாரணம். பெருந்தொகை தராவிட்டால் பாலியல் வன்முறைக் குற்றச்சாட்டை ஊரறியச் செய்வோம், வரி, குடியேற்ற விவகாரங்களும் வெளியே வரும் என்று வழக்கறிஞர் அனுப்பிய கடிதத்தைப் பணப்பறிப்பு என்றே நீதிமன்றம் முடிவு செய்தது. முரட்டுத்தனமான பேரம் எல்லாமே குற்றம் ஆகிவிடாது என்பதையும் அதே தீர்ப்பு சொல்கிறது. இங்கிலாந்தின் 1968 திருட்டுச் சட்டம், 21ஆம் பிரிவு, இரண்டு கேள்வி கேட்கிறது: கோரிக்கைக்கு நியாயமான காரணம் உண்டென்று நம்பினீர்களா? அதைப் பெற இந்த மிரட்டல் முறையான வழி என்றும் நம்பினீர்களா? பாக்கி உண்மையாக இருந்தால் முதல் கேள்வியைத் தாண்டலாம். பலர் தடுக்கி விழுவது இரண்டாவதில். அதிகபட்சத் தண்டனை 14 ஆண்டு சிறை.

எனவே அந்தப் பத்தியை முழுதாக அழித்துவிட்டு, "இன்ன தேதிக்குள் தொகை வராவிட்டால், பாக்கி, வட்டி, வழக்குச் செலவு கேட்டு சிவில் வழக்குத் தொடுப்பேன்" என்று எழுதுங்கள். "ஏழு நாளுக்குள்" என்றால் எந்த நாளிலிருந்து என்ற சண்டை வரும். நாட்காட்டித் தேதியே போடுங்கள். உண்மையிலேயே குற்றம் நடந்திருந்தால் புகாரைத் தனியே கொடுங்கள். பணம் தந்தால் வாபஸ் என்று எங்கும் எழுதாதீர்கள். கடிதத்தைச் சுத்தமாக எழுதிவிட்டு, மறுநாள் வாட்ஸ்அப்பில் "உன் மனைவிக்குத் தெரியட்டுமா" என்று தட்டினால் இரண்டையும் சேர்த்தே படிப்பார்கள்.

பாலியல் துன்புறுத்தலுக்கு இழப்பீடு கேட்பது போன்ற கோரிக்கைகளுக்கு இந்தப் படிவங்கள் வேண்டவே வேண்டாம். வழக்கும் எதிராளியின் மானமும் அங்கே ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால், ஒரு சொல் தவறினாலும் நியாயமான கோரிக்கை மிரட்டலாகிவிடும். அதை வக்கீலே எழுதட்டும்.