பாஸ்டரிடம் கணக்குக் கேட்க முடியுமா? கோலாலம்பூரில் சபை தேடுபவர்களுக்கு

பினாங்கிலிருந்து வேலைக்காகச் செந்தூல் வந்திருக்கும் என் அக்கா மகன், "சித்தி, எந்தச் சபைக்குப் போகட்டும்?" என்று கேட்டான். பாட்டு நன்றாக இருக்கிறதா, வாலிபர் கூட்டம் உண்டா என்பதையெல்லாம் அவனே பார்த்துக்கொள்வான். நான் பார்க்கச் சொன்னது ஒன்றைத்தான். பாஸ்டர் தப்பு செய்தால் அவர் முகத்துக்கு நேரே சொல்ல ஆள் இருக்கிறதா? சொன்னவருக்கு அடுத்த ஞாயிறும் அங்கே இடம் இருக்கிறதா?

கடைவீட்டு மாடியில் ஒருவர் தொடங்கி அவரே நடத்தும் தனிச் சபைகள் கோலாலம்பூரைச் சுற்றியுள்ள கிள்ளான் பள்ளத்தாக்கு முழுக்க உண்டு. அப்படி ஒன்றில் நான் ஏழு வருஷம் இருந்தேன். பெயர் வேண்டாம். என் வீட்டுக்காரர் நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, விடியற்காலை இரண்டு மணிக்கு வந்து பக்கத்தில் நின்றவர் அந்தப் பாஸ்டர். அந்த நன்றி இன்னும் எனக்கு உண்டு. ஆனால் அந்த நன்றியே மெல்ல மெல்ல வேறு ஏதோவாக மாறியது. மேடையில் சிவப்பு வெல்வெட் நாற்காலி ஒன்று. அவர் ஊரில் இல்லாத ஞாயிறும் அதில் யாரும் உட்கார மாட்டோம். காரிலிருந்து அவருடைய பைபிளைத் தூக்கிவர ஒரு தம்பி. பிறந்தநாளுக்கு வைத்த பேனர் சிலுவையை மறைத்தது. அதை எடுக்கச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

ஒருநாள் சபையைக் கூட்டிப் பெருக்கும் அக்கா ஒருவர், கட்டட நிதியில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். "அபிஷேகம்பண்ணப்பட்டவரைத் தொடாதே" என்று பதில் வந்தது. அடுத்த ஞாயிறு அவருக்கு யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அது இன்னும் என்னை உறுத்துகிறது.

அந்த வசனம் சங்கீதம் 105இல் வருகிறது. ஊர் ஊராய் அலைந்த ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு ஆகியோருக்குத் தீங்கு செய்யாதபடி தேவன் ராஜாக்களை எச்சரித்தது அது. கணக்குக் கேட்டவரின் வாயை அடைக்க எழுதப்பட்டதல்ல. அபிஷேகம் பெற்ற தாவீது ராஜா பாவம் செய்தபோது, அவரிடமே நாத்தான் தீர்க்கதரிசி "நீயே அந்த மனுஷன்" என்றான். பேதுருவைப் பவுல் முகமுகமாய் எதிர்த்தார். லீஸ்திராவில் ஜனங்கள் தெய்வமென்று பலியிட வந்தபோது, "நாங்களும் உங்களைப்போலப் பாடுள்ள மனுஷர்தானே" என்று வஸ்திரங்களைக் கிழித்துக்கொண்டு ஓடியவர்கள் பர்னபாவும் பவுலும்.

தனிச் சபைக்கும் கமிட்டி உண்டு என்பார்கள். அதில் யார் யார் என்று பாருங்கள். சிங்கப்பூர் சிட்டி ஹார்வெஸ்ட் சபையைத் தொடங்கிய பாஸ்டர் கோங் ஹீ வழக்கில், சுமார் 5 கோடி சிங்கப்பூர் டாலர் சபைப் பணத்தை முறைகேடாகக் கையாண்டதாக 2015இல் குற்றவாளிகளாகத் தீர்ப்பான 6 பேரில் நிதியைக் கவனித்தவர்களும் இருந்தார்கள். சென்னையில் பிறந்து உலகமெங்கும் பேசிய கிறிஸ்தவப் பிரசங்கியார் ரவி சகரியாஸ் மீது 2017இல் ஒரு பெண் புகார் சொன்னபோது அவருடைய அமைப்பு அவர் பக்கமே நின்றது. அவர் 2020 மே மாதம் இறந்தார். 2021 பிப்ரவரியில் அதே அமைப்பு நியமித்த சட்ட நிறுவனத்தின் அறிக்கை அவருடைய பாலியல் முறைகேடுகளை உறுதிசெய்தது. என் அலமாரியில் அவருடைய சிடிக்கள் இருந்தன. அன்று ராத்திரி நான் தூங்கவில்லை.

இனி நான் வளர்ந்த தமிழ் மெதடிஸ்ட் சபை. இங்கே போதகர் சபைக்குச் சொந்தக்காரர் இல்லை. ஆண்டு மாநாட்டில் பிஷப் நியமனப் பட்டியலை வாசிப்பார். பெயர் வந்தால் பெட்டி கட்ட வேண்டியதுதான். சம்பளத்தை அவரே தீர்மானிப்பதில்லை, காணிக்கையை அவர் எண்ணுவதில்லை. வருகிறவர் எல்லாரும் நன்றாகப் பிரசங்கிப்பார்கள் என்று சொல்ல மாட்டேன். சில வருஷம் காய்ந்துதான் போவோம். மனசுக்குப் பிடித்த போதகர் புறப்படும்போது அழுதிருக்கிறேன். ஆனாலும் ஒருவரைச் சுற்றியே சபை இறுகிப்போக இந்த ஏற்பாடு விடுவதில்லை.

கத்தோலிக்கரிடமும் பங்குச் சாமியார் மாறுவார். ஆனால் மாற்றம் மட்டும் காவல் ஆகாது. அமெரிக்காவின் பாஸ்டனில் பிள்ளைகளைக் கெடுத்த குருக்களைப் பங்கு விட்டுப் பங்கு மாற்றியே மறைத்தார்கள். அது 2002இல் வெளிவந்து, அந்த வருஷக் கடைசியில் அங்கே பேராயராக இருந்த கர்தினால் லா பதவி விலகினார். ஆகவே புகார் வந்தால் அது எங்கே போகிறது, யார் விசாரிப்பார்கள் என்றும் கேட்க வேண்டும்.

பிரதரன் சபையில் மூப்பர்கள் சிலர் சேர்ந்து நடத்துவார்கள், ஒற்றைப் பாஸ்டர் கிடையாது. நல்ல முறைதான். ஆனால் மூப்பர்கள் எல்லாரும் ஒரே குடும்பமானால் பழைய கதைதான். போனில் பிரசங்கம் கேட்டாலே போதும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்தப் போதகர் வீட்டில் எப்படிப்பட்டவர் என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது.

அக்கா மகனுக்கு நான் மெதடிஸ்ட் சபையைச் சொன்னேன். காரணம் போன வருடாந்திரக் கூட்டத்தில் நடந்தது. ரயில்வேயில் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், கணக்குத் தாளில் ஸ்கேல் வைத்து வரி வரியாக வந்தவர், ஓரிடத்தில் நிறுத்தினார். "ஐயரே, உங்கள் மார்ச் மாதப் பெட்ரோல் பில் ரெண்டு தடவை ஏறியிருக்கே?" போதகர் குனிந்து பார்த்தார். பேனாவைத் திறந்து ஒரு வரியை அடித்தார். "ஆமாண்ணே, என் தப்புதான்" என்றார்.

அடுத்த ஞாயிறு ஆராதனையில் வேதபாடம் வாசித்தது அந்தப் பெரியவர்தான்.