மணிக்கூண்டு: சாவி கொடுக்கும் கடிகாரமா, மின்சாரக் கடிகாரமா?

ஊர் மணிக்கூண்டு நின்றுவிட்டால் இந்தக் கேள்வி வரும்: பழைய இயந்திரத்தைச் சரிசெய்வதா, மின்சாரக் கடிகாரம் மாட்டுவதா?

செலவு: இயந்திரத்துக்குச் சாவி கொடுக்க ஆள் வேண்டும், சென்னை ரிப்பன் மாளிகையின் 1913 கடிகாரமும் அந்த வகைதான். மின்சாரத்தில் அந்தச் சம்பளம் மிச்சம்.

நேரம்: இரும்புத் தண்டு ஊசல் வெயிலில் நீண்டு மெதுவாகும். லண்டன் பிக் பென்னில் ஊசல்மேல் பழைய பென்னிக் காசு ஒன்றை வைத்தால் நாளுக்கு 0.4 நொடி வேகம் கூடும். திருத்துவது அவ்வளவு நுணுக்கமான வேலை! செயற்கைக்கோளிலிருந்து (ஜிபிஎஸ்) நேரம் பெறும் மின்சாரக் கடிகாரம் தானே திருத்திக்கொள்ளும்.

ஆயுள்: பல்சக்கரம் தேய்ந்தால் நல்ல பட்டறையில் புதிதாகக் கடைந்துவிடலாம். சர்க்யூட் போர்டு போனால் அதே மாடலைத் தேடி அலைய வேண்டும்.

ஓசை: வெண்கல மணிக்கு ஸ்பீக்கர் ஈடே இல்லை.

பழைய இயந்திரமும் பராமரிக்க ஆளும் இருந்தால் அதையே ஓட்டுங்கள். புதுப் பேருந்து நிலையமா? சரி, மின்சாரமே போதும். ஆனால் ரோமன் எண் வேண்டாம், பெரிய எண்களாகப் போடச் சொல்லுங்கள்.