தினசரி வேத வாசிப்பு: ஓராண்டு அட்டவணையா, செயலியா, கேள்விகளோடு வரும் கையேடா?

தினமும் வேதாகமம் படிக்க வேண்டும் என்று முடிவெடுத்தவர்கள் முன்னால் பெரும்பாலும் மூன்று வழிகள் இருக்கின்றன. ஓராண்டில் முழு வேதாகமத்தையும் முடிக்க வைக்கும் வாசிப்பு அட்டவணை ஒன்று. கைபேசிச் செயலி இன்னொன்று. ஒரு சிறு பகுதி, அதற்குச் சில கேள்விகள், எழுத வெற்று வரிகள் என்று அமைந்த தியானக் கையேடு மூன்றாவது. மூன்றையும் வெவ்வேறு காலங்களில் பயன்படுத்தியிருக்கிறேன். இப்போது கையேட்டோடு இருக்கிறேன், மாற்றும் எண்ணமும் இல்லை.

அட்டவணையின் கணக்கு எளிது. 66 புத்தகங்களில் 1,189 அதிகாரங்கள். வாரநாளில் 3, ஞாயிறன்று 5 என்று வைத்தால் வாரத்துக்கு 23 ஆகிறது, 52 வாரங்களில் முடிந்துவிடும். புதிய ஏற்பாடு மட்டும் போதும் என்றால் 260 அதிகாரங்கள்தான். வாரத்தில் 5 நாள், நாளுக்கு ஒரு அதிகாரம். ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்துப் போதகர் ராபர்ட் மர்ரே மக்ஷெய்ன் 1842-ல் தன் சபையாருக்காகப் போட்ட அட்டவணையை இன்றும் பலர் பின்பற்றுகிறார்கள். தினமும் வேதாகமத்தின் நான்கு இடங்களிலிருந்து வாசிக்க வேண்டும். ஆண்டு முடிவில் பழைய ஏற்பாடு ஒரு முறையும், புதிய ஏற்பாடும் சங்கீதமும் இரண்டு முறையும் முடிந்திருக்கும். நாகூம், ஆகாய் போன்ற, நாமாகத் திருப்பாத பக்கங்களுக்கும் நம்மைக் கூட்டிப்போவது அட்டவணை மட்டுமே. அந்தப் பெருமையை அதற்குக் கொடுத்தே ஆக வேண்டும்.

செயலியில் ஒலி வடிவம் நல்ல வசதி, கண்ணுக்குச் சிரமம் உள்ளவர்களுக்கு இன்னும் நல்லது. மொழிபெயர்ப்புகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கலாம். ஆனால் வசனம் வரும் அதே திரையில்தான் மற்ற எல்லாச் செய்திகளும் வருகின்றன. ஜெபத்துக்குத் தலை குனிந்த நேரத்தில் கைபேசி அதிர்ந்தால் மனம் அங்கே போய்விடுகிறது. செயலியை நான் நான்கு மாதம் மட்டுமே பயன்படுத்தினேன், அதனால் அதைப் பற்றி இதற்குமேல் அழுத்திச் சொல்ல மாட்டேன்.

என் முடிவைத் தீர்மானித்தது ஒரே விஷயம்: ஒரு நாள் விட்டுப்போனால் என்ன ஆகிறது? விட்டுப்போகாமல் இருக்காது. காய்ச்சல் வரும், பயணம் வரும், வீட்டில் ஒருவர் மருத்துவமனையில் இருப்பார். அந்த நாட்களுக்கு அப்புறம் திரும்பி வருவது எவ்வளவு சுலபம் என்பதில்தான் பழக்கம் நிற்பதும் விழுவதும் இருக்கிறது.

அட்டவணையில் விட்ட நாள் பாக்கியாகச் சேர்கிறது. நாளுக்கு 3 அதிகாரம் என்ற அட்டவணையோடு நான் படித்த ஆண்டில், பிப்ரவரியில் எண்ணாகமம் தொடங்கும் நேரத்தில் எனக்கு நான்கு நாள் போய்விட்டது. ஐந்தாம் நாள் அன்றைய பங்கையும் சேர்த்து 15 அதிகாரங்கள் காத்திருந்தன. உட்கார்ந்து ஒரே மூச்சில் முடித்தேன். ஏழாம் அதிகாரத்துக்கு 89 வசனங்கள். இஸ்ரவேல் கோத்திரங்களின் பன்னிரண்டு பிரபுக்களும் ஒரே காணிக்கையைக் கொண்டுவருகிறார்கள், ஒவ்வொருவருக்கும் அதே பட்டியல் திரும்ப வருகிறது. மூன்றாவது பிரபுவுக்கு அப்புறம் கண் தாவ ஆரம்பித்துவிட்டது. ஐந்து கட்டத்திலும் டிக் போட்டு மூடி வைத்தேன்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிவில் போதகர் கையை உயர்த்தி, "கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன்னைக் காக்கக்கடவர்" என்றபோதுதான் உறைத்தது. அது எண்ணாகமம் ஆறாம் அதிகாரம். சிறுவயது முதல் கேட்டு வளர்ந்த வார்த்தை. அந்த வாரம்தான் அதைக் கடந்து வந்திருந்தேன், கவனிக்கவே இல்லை. எனக்கு அது உண்மையாகவே வலித்தது. மக்ஷெய்ன்கூடத் தன் அட்டவணைக்கு எழுதிய முன்னுரையிலேயே, கவனமற்ற வாசிப்பும் சுமக்க முடியாத நுகமும் இதில் வரக்கூடிய ஆபத்துகள் என்று எச்சரித்திருக்கிறார். அதை முதலில் படித்திருக்கலாம்.

கையேட்டுக்கு வந்தது அதற்குப் பிறகுதான். நான் எடுத்தது மாற்கு சுவிசேஷத்தை ஏறக்குறைய ஐம்பது பகுதிகளாகப் பிரித்திருந்தது. பக்கத்தின் தலையில் தேதி இல்லை, "நாள் 14" என்று எண் மட்டும். அன்றைக்குக் கடலில் புயல், ஏழே வசனங்கள். கேள்வி இதுதான்: நேரில் பார்த்தவர் மட்டுமே சொல்லக்கூடிய விவரம் இதில் எது? திரும்பத் திரும்ப வாசித்ததில் தலையணை கண்ணில் பட்டது. மத்தேயுவிலும் லூக்காவிலும் இயேசு தூங்குகிறார். தலையணையை வைத்துத் தூங்கினார் என்று சொல்வது மாற்கு மட்டும். கூடவே வேறு படவுகளும் போயின என்பதும் மாற்கில்தான் இருக்கிறது. "அந்தப் படவுகளில் இருந்தவர்களுக்கும் அமைதல் உண்டானதே!" என்று கீழே இருந்த வரிகளில் எழுதி வைத்தேன்.

அதற்கு மறுநாளிலிருந்து ஒன்பது நாள் கையேட்டைத் திறக்க முடியவில்லை. திறந்தபோது இடப்பக்கத்தில் என் கையெழுத்து, வலப்பக்கத்தில் நாள் 15. எழுதியதை ஒரு தடவை வாசித்தேன், விட்ட இடம் மனதுக்குள் வந்துவிட்டது. படவு அக்கரை சேர்ந்திருந்தது, நானும் அங்கிருந்து தொடர்ந்தேன். பாக்கி என்று எதுவும் இல்லை. அட்டவணையில் ஒன்பது நாள் என்றால் குறைந்தது 27 அதிகாரங்கள் நின்றிருக்கும், அந்த ஆண்டை நான் அப்படியே விட்டிருப்பேன்.

கையேட்டிலும் குறை உண்டு. வேகம் மிகக் குறைவு. அதிகாரத்துக்கு மூன்று பகுதி என்று போனால் முழு வேதாகமத்துக்கும் பத்து ஆண்டு பிடிக்கும். இன்னொன்று, நூலாசிரியரின் விளக்கத்தைப் படித்துவிட்டு வசனத்தையே படித்த மாதிரி எழுந்துவிடுவது. அதற்காக விளக்கப் பகுதியை ஒரு தாளால் மூடிவிட்டு, வசனத்தை இரண்டு தடவை வாசித்து, கேள்விக்குப் பதில் எழுதிய பிறகே தாளை எடுக்கிறேன்.

வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது, பக்கத்தின் தலையில் தேதி இருக்கிறதா, எண் இருக்கிறதா என்பது. தேதி போட்ட கையேட்டிலும் விட்ட நாள் பாக்கியாகத்தான் நிற்கும். அப்புறம், ஒரு வசனமும் ஒரு நிகழ்ச்சியுமாக வருவதை விட, எட்டு முதல் பதினைந்து வசனம் வரை முழுப் பகுதியாகத் தருவது நல்லது. எழுத இடம் இல்லாவிட்டால் தனி நோட்டு போதும்; கையேட்டை மறுபடி பயன்படுத்தவும் முடியும்.

இவ்வளவையும் சுவிசேஷங்கள், பிலிப்பியர், யோனா ஆகியவற்றை வைத்துத்தான் சொல்கிறேன். பெரிய தீர்க்கதரிசன நூல்களைக் கையேட்டோடு நான் படித்ததில்லை. ஏசாயாவின் 66 அதிகாரங்களுக்கு இந்த வேகம் சரிவருமா என்பது தொடங்கிப் பார்த்தால்தான் தெரியும். குடும்பமாகச் சேர்ந்து படித்ததும் சில வாரங்களே.

எண்ணாகமத்தை மட்டும் ஞாயிறு மதியங்களில், கையேடு இல்லாமல், வாரம் ஒரு அதிகாரமாகத் திரும்ப வாசித்து வருகிறேன். ஆறாம் அதிகாரத்துக்கு வந்ததும் அடுத்த ஞாயிறும் அதையே எடுத்து வாசித்தேன்.