வினையூக்கி விறகுக் கணப்பு அடுப்பு: அடுப்பும் அதனுடன் கிடைத்த துணையும்

வீட்டைச் சூடாக்குவதற்காக, வினையூக்கி பொருத்திய விறகுக் கணப்பு அடுப்பு ஒன்றைப் பல குளிர்காலங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். அடுப்பு நல்ல அடுப்புதான், தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆனால் அது இன்று நன்றாக எரிவதில் பாதிப் பங்கு, இதே வகை அடுப்பை ஆசையோடு எரித்துவரும் மனிதர்களுக்கு உரியது. அவர்களை விட்டுவிட்டு அடுப்பை மட்டும் மதிப்பிடுவது நியாயமாக இருக்காது.

விறகிலிருந்து எழும் புகையில் எரியாத வாயுக்கள் நிறைய இருக்கின்றன. அவை தாமாகத் தீப்பற்ற ஏறக்குறைய 600 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். பிளாட்டினமோ பல்லேடியமோ பூசப்பட்ட, தேன்கூடு போன்ற பீங்கான் கட்டிதான் வினையூக்கி; அதன் துளைகள் வழியே செலுத்தப்படும்போது, அதே புகை 260 டிகிரி அளவிலேயே எரிந்துவிடுகிறது. வெளியே வீணாகப் போகவேண்டியது வெப்பமாக வீட்டுக்குள்ளேயே தங்குவதால், காற்றைக் குறைத்துவைத்து இரவு முழுவதும் மெதுவாக எரிய விடலாம். காலையில் சாம்பலைக் கிளறினால் தணல் இருக்கும். அதன்மேல் சுள்ளிகளைப் போட்டாலே மீண்டும் பற்றிக்கொள்ளும்.

இவ்வளவு நுட்பமான சாதனத்துடன் வந்த கையேடு, விறகைப் பற்றி மட்டும் 'நன்கு உலர்ந்ததைப் பயன்படுத்தவும்' என்று ஒரே வரியில் முடித்துக்கொள்கிறது. முதல் குளிர்காலத்தில் கதவுக் கண்ணாடி இரவுதோறும் கறுத்தது. வினையூக்கியின் வெப்பமானி முள் நகர மறுத்தது. விறகு போடக் கதவைத் திறந்தபோதெல்லாம் அறைக்குள் புகை வந்தது. அடுப்பில்தான் பழுது என்று எண்ணி, நெடுநாளாக இதே அடுப்பை எரித்துவரும் பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். அவர் அடுப்பைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. "கட்டையைப் பிளந்து, பிளந்த முகத்தின் நடுவில் ஈரம் அளந்து பார்த்தீர்களா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. ஈரமானியின் இரு ஊசிகளையும் மரத்தின் ரேகை ஓடும் திசையில் குத்த வேண்டும், கட்டை குளிரில் உறைந்திருக்கக் கூடாது, வெளிப்பக்கத்து அளவை நம்பக் கூடாது என்று பொறுமையாகச் சொன்னார். உலர்ந்த விறகு என்று சொல்லி எனக்கு விற்கப்பட்ட அந்தக் கட்டை, வெளியே 20 சதவீதத்துக்குக் கீழே காட்டியது. பிளந்த முகத்திலோ 30 சதவீதத்தைத் தாண்டியது. கணப்பு அடுப்புக்கு 20 சதவீதத்துக்கு மேல் ஈரம் ஆகாது.

பெரியவர் காரணத்தைச் சொன்னதோடு, இதே வகை அடுப்பை எரித்துவரும் மற்றவர்களும் என்னை விட்டுவிடவில்லை. அந்தக் குளிர்காலத்தை எப்படியாவது ஓட்டுவதற்கு, ஈர விறகோடு அழுத்திச் செய்த மரத்தூள் கட்டிகளைக் கலந்து எரிக்கும்படி ஒருவர் வழி சொன்னார். தரையில் படாமல், மேலே மட்டும் மூடி, பக்கங்களில் காற்றோட விட்டு விறகை அடுக்கும் முறையை இன்னொருவர் தம் அடுக்கின் புகைப்படங்களைக் கொண்டு விளக்கினார். ஓக் போன்ற கடின மரம் உலர இரண்டு ஆண்டுகள்கூட ஆகலாம் என்பதையும் அவரே எச்சரித்தார். வண்டியோட்டி வரக்கூடிய தொலைவில் இருந்த மற்றொருவர், தமக்காக உலர்த்தி வைத்திருந்த விறகிலிருந்து ஒரு பாரம் கொண்டுவந்து இறக்கிவிட்டு, கூலியாக எதையும் வாங்க மறுத்துவிட்டார். இரண்டு ஆண்டு உழைப்பும் காத்திருப்பும் அந்தக் கட்டைகளில் இருந்தன என்பது விறகு உலர்த்தியவர்களுக்குத்தான் புரியும்.

இந்தத் தாராளம் விறகு அடுப்பின் வரலாற்றிலேயே இருக்கிறது. அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின், 1742-ல் தாம் உருவாக்கிய கணப்பு அடுப்புக்குப் பென்சில்வேனியா ஆளுநர் காப்புரிமை தர முன்வந்தபோதும் பெற்றுக்கொள்ளவில்லை. பிறர் கண்டுபிடித்தவற்றால் நாம் பயனடைவதுபோல நாம் கண்டுபிடித்ததும் பிறருக்குத் தடையின்றிப் பயன்பட வேண்டும் என்று கருதினார். அந்த மனப்பான்மையை நான் நேரில் பார்த்திருக்கிறேன் என்றே சொல்வேன்.

ஈர விறகை அவர்கள் இவ்வளவு தீவிரமாக எதிர்ப்பதற்குப் பாதுகாப்பும் ஒரு காரணம். புகைபோக்கிக்குள் புகை 120 டிகிரி அளவுக்குக் கீழே குளிர்ந்தால், கிரியோசோட் என்னும் தார் உட்சுவரில் படிகிறது. அது தீப்பற்றினால் வெப்பம் 1,000 டிகிரியைத் தாண்டக்கூடும். எங்களில் ஒருவரின் வீட்டில் அப்படி நேர்ந்த இரவில், எல்லோரும் வெளியே வந்துவிட்டார்களா, தீயணைப்புத் துறைக்குச் சொல்லியாகிவிட்டதா என்ற இரண்டையும் தவிர வேறெதையும் யாரும் கேட்கவில்லை. குற்றம் கண்டுபிடிக்கும் பேச்சு பிறகும் எழவில்லை. அவர் மீண்டும் அடுப்பு மூட்ட அஞ்சிய வாரங்களில், மாலைதோறும் யாராவது ஒருவர் அவருடன் பேசிக்கொண்டிருந்தார்கள். முதல் தீயை மூட்டிய அன்று வெப்பமானியின் அளவுகளை அவர் ஒவ்வொன்றாகச் சொல்ல, மற்றவர்கள் கேட்டுத் தைரியம் கூறினார்கள். எந்த உற்பத்தியாளரின் வாடிக்கையாளர் சேவையிலும் இதை எதிர்பார்க்க முடியாது.

குறைகளும் உண்டு. கதவின் இடுக்கில் காற்றுப் புகாமல் அடைக்கும் கேஸ்கெட் கயிறு நாளடைவில் தளர்ந்துவிடுகிறது. ஒரு காகிதத் துண்டை வைத்துக் கதவை மூடி இழுத்துப் பார்க்க வேண்டும். எளிதாக உருவிக்கொண்டு வந்தால் மாற்ற வேண்டும். வினையூக்கியும் நிரந்தரமானதன்று; பெயிண்ட் அடித்த மரத்தையும் வண்ணக் காகிதத்தையும் எரிப்பவர்களுக்கு அது இன்னும் விரைவில் கெடும். துணை செய்வோரின் ஆலோசனையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது: நேராகவும் உயரமாகவும் அமைந்த புகைபோக்கி உள்ளவருக்கு, வளைவுகள் உள்ள குட்டையான புகைபோக்கி புகையை மேலே இழுக்கும் விசை குறைவாக இருப்பது எளிதில் பிடிபடுவதில்லை. ஆகவே கேள்வி கேட்பவர் தம் புகைபோக்கியின் உயரத்தையும் வளைவுகளையும் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

புகைபோக்கியின் உள்ளுறையில் விரிசல் என்ற பேச்சு வந்தால், அனுபவசாலிகளே யோசனை சொல்வதை நிறுத்திவிட்டு, தகுதி பெற்ற புகைபோக்கித் துப்புரவாளரை அழைக்கச் சொல்லிவிடுவார்கள். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி வைத்திருக்கிறாரா என்று கேட்காமல் புதியவர் யாரையும் அவர்கள் விடுவதில்லை. வாங்க நினைப்பவர்கள் கடைக்குப் போவதற்கு முன், தேர்ந்தெடுத்த அதே மாதிரியைக் குறைந்தது இரண்டு குளிர்காலம் எரித்த ஒருவரைத் தேடிப் பேசுங்கள். மாற்று வினையூக்கியும் கேஸ்கெட்டும் தட்டின்றிக் கிடைக்கின்றனவா என்பதை அவரிடமே கேளுங்கள். அடுப்பு வந்து சேர்வதற்குக் குறைந்தது ஓராண்டு முன்பே விறகைப் பிளந்து அடுக்கிவிடுங்கள்.