வளர்ந்த பன்றியா, பிறந்த குட்டியா: திட்டு வளர்ப்புக்கு எது தோது?

தானமாகக் கிடைத்த கணையத்திலிருந்து, இன்சுலின் சுரக்கும் செல்கூட்டங்களான லாங்கர்ஹான் திட்டுகளைப் பிரித்துக் கல்லீரலுக்குள் செலுத்தினால் டைப் 1 சர்க்கரை நோயாளிகள் இன்சுலின் ஊசியை விடலாம் என்று கனடாவின் எட்மன்டன் குழு 2000-இல் ஏழு பேரிடம் காட்டியது. ஆனால் தானக் கணையங்கள் எப்போதும் பற்றாக்குறைதான். பன்றி இன்சுலினுக்கும் நம்முடையதற்கும் ஒரே ஒரு அமினோ அமிலம்தான் வித்தியாசம் என்பதால் எல்லோரும் பன்றியைப் பார்க்கிறார்கள். சரி, எந்த வயதுப் பன்றி?

எண்ணிக்கையில் பெரிய பன்றியை அடிக்க முடியாது. கைதேர்ந்தவர் பிரித்தால் ஒரே கணையத்தில் 2 லட்சம் திட்டுகளுக்கு மேல் கிடைக்கும். குட்டியில் சுமார் 50,000. நோயாளியின் எடையில் கிலோவுக்கு 10,000 என்று வைத்தாலும் 60 கிலோ ஆளுக்கு 6 லட்சம் வேண்டும். அதாவது, காகிதக் கணக்கிலேயே ஒரு டஜன் குட்டிகள்.

இன்குபேட்டருக்குள் போனதும் கதை மாறுகிறது. பெரிய பன்றியின் திட்டைச் சுற்றி உறை மெல்லியது. திட்டைப் பிரிக்கச் சேர்க்கும் நொதி கொஞ்சம் கூடினாலும் உதிர்ந்துவிடும். தப்பியவையும் வளர்ப்புத் தட்டில் நாளுக்கு நாள் குறையும். இறைச்சிக்கு வெட்டும் ஆறு மாதப் பன்றியில் தொல்லை இன்னும் அதிகம். ஈன்று ஓய்ந்த முதிய தாய்ப்பன்றிகளைத் தேடுவது அதனால்தான்.

குட்டிக்கு எட்மன்டனில் கோர்பட், ரஜோட் குழு 1996-இல் வெளியிட்ட முறை அசப்பில் சமையலறை வேலை. பிறந்து ஒன்று முதல் மூன்று நாளான குட்டியின் கணையத்தைக் கத்தரிக்கோலால் பொடியாக நறுக்கி, திசுவைத் தளர்த்தும் கொலாஜனேஸ் நொதியில் குலுக்கி, நைலான் வலையில் வடிகட்டி, நிகோடினமைடு (ஒரு வகை வைட்டமின் பி3) சேர்த்த ஊடகத்தில், அதாவது செல்களுக்கான ஊட்டத் திரவத்தில், 37 டிகிரியில் ஒன்பது நாள் வைக்கிறார்கள். முதல் நாளும், பிறகு ஒருநாள் விட்டு ஒருநாளும் ஊடகத்தை மாற்ற வேண்டும். செரிமான நொதி சுரக்கும் தேவையற்ற செல்கள் தாமாகச் செத்துக் கரைய, திட்டுகள் உருண்டு திரள்கின்றன. பெரிய பன்றியில் அடர்த்தி வேறுபாட்டைக் கொண்டு சுழற்றிப் பிரிக்கும் வேலையை இங்கே வளர்ப்பே செய்துவிடுகிறது. ஆக்ஸிஜன் குறைவையும் குட்டித் திட்டுகள் நன்றாகத் தாங்கும்.

குறை என்ன? காத்திருப்பு. அவற்றில் பெரும்பகுதி முதிராத செல்கள். எலியில் வைத்தால் சர்க்கரை இறங்க வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். பெரிய பன்றித் திட்டுகள் உடனே வேலைக்கு இறங்கும். பன்றிச் செல்லின் மேற்பரப்பில் இருக்கும், நம் உடல் அந்நியமென்று எதிர்க்கும் ஆல்ஃபா-கால் என்ற சர்க்கரை மூலக்கூறும் குட்டித் திட்டில்தான் அதிகம், ஆனால் அதை உருவாக்கும் மரபணுவை நீக்கிய பன்றிகள் வந்தபின் அது பெரிய வாதமில்லை. 2006-இல் வெளியான இரண்டு குரங்கு ஆய்வுகளில் ஒன்று வளர்ந்த பன்றித் திட்டையும் மற்றது குட்டித் திட்டையும் வைத்தது. இரண்டிலுமே திட்டுகள் நூறு நாளைத் தாண்டியும் வேலை செய்தன.

என் ஓட்டு குட்டிக்கே, அதுவும் செலவுக் கணக்கால். மனிதருக்கு வைக்கும் திசு கிருமி புகாத தொழுவத்திலிருந்து வர வேண்டும். அங்கே இரண்டு வருடம் தீனி போட்டு ஒரு பெரிய பன்றியை வளர்ப்பதைவிட, பிறந்த வாரத்திலேயே ஒரு ஈற்றுக் குட்டிகளை எடுப்பது மலிவு. ஒன்பது நாள் வளர்ப்பில் கிருமிச் சோதனைகள் பலவற்றை முடித்துவிடவும் நேரம் கிடைக்கும்.